'செட்' என்னும் ஒரு சொல்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, பட்டறை, ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்குச் சேலத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணத்தைவிட அவர்களை அதிகம் திணறடிப்பது சின்னச் சொற்கள்தான். அதிலும் எஸ், இ, டி என்று மூன்றே எழுத்தில் முடிகிற 'செட்' எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வேறு அர்த்தத்தில் வந்து நிற்கும். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன; வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

இந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே நூற்றுக்கணக்கில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. 1989-ல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430-க்கும் மேற்பட்ட பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். பிறகு அந்த அகராதியைத் திருத்தி எழுதியபோது 'ரன்' முந்திக்கொண்டது. அதற்கு வினையாக 645 பொருள்கள்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அகராதிக்காரர்கள் மிக நுணுக்கமாகப் பிரிப்பவர்கள். தட்டை மேசையில் வைப்பதும், காலைத் தரையில் வைப்பதும், கண்ணி வைப்பதும் அவர்களுக்குத் தனித்தனிப் பொருள்கள். வழக்கொழிந்துபோனவையும், கப்பலில் வேலை செய்கிறவர்கள் மட்டும் சொல்பவையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. பேசவும் படிக்கவும் நமக்குத் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு வகைதான். அதில் பாதி சேலத்துக்காரர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குகிறது.

ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை?

முக்கியக் காரணம், இது ஒரே சொல் அல்ல. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் கலந்து நிற்கின்றன.

ஒன்று பழைய ஆங்கிலத்தின் வினை. 'சிட்' என்றால் உட்கார், உட்காரவைப்பதுதான் 'செட்'. தமிழில் அமர் – அமர்த்து, எழு – எழுப்பு, கிட – கிடத்து என்று சோடி சோடியாக இருக்கிறதல்லவா? தானாக நடப்பது ஒன்று, நடக்கவைப்பது ஒன்று. ஆங்கிலத்திலும் அப்படிச் சில சோடிகள் மிச்சமிருக்கின்றன: 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு, 'லை' கிட, 'லே' கிடத்து. அந்த வரிசையில் 'சிட்' அமர், 'செட்' அமர்த்து. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சுலபமாக விளங்க வேண்டிய விஷயம். பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லித்தருவதில்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

இன்னொன்று, கூட்டம், தொகுப்பு என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல். அது லத்தீன் 'செக்டா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள் என்பது அதன் பொருள். சமயப் பிரிவைச் சொல்லும் 'செக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் வந்ததுதான்.

அத்தனையையும் மனப்பாடம் செய்யாமல் எப்படிச் சமாளிப்பது?

சொல்லை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மூன்று கேள்வி போதும்.

முன்னால் 'எ', 'தி', 'திஸ்' போன்ற ஒன்று நின்று, அது ஒரு பொருளின் பெயராக வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சேர்ந்து ஒன்றாக நிற்கும் தொகுப்பு.

யாரோ எதையோ செய்கிறார்களா? அப்படியானால் முதலில் 'வை' என்ற தமிழ் வினையைப் போட்டுப் பாருங்கள். 'செட் தி அலாரம்', அலாரம் வை. 'செட் எ ட்ராப்', கண்ணி வை. 'செட் எ ப்ரைஸ்', விலை வை. 'செட் ஃபுட்', காலடி வை. வைக்கோல் போருக்குத் தீ வைத்தான் என்பதற்கு 'ஹி செட் ஃபயர் டு தி ஹே'. நம் 'க்கு' இருக்கும் இடத்தில் அங்கே 'டு' வருகிறது, அவ்வளவுதான். 'வை' சரியாக உட்காராத இடத்தில் 'குறி', 'நிர்ணயி', 'பதி' இவற்றில் ஒன்று உட்காரும்: நாள் குறிப்பது, வரம்பு நிர்ணயிப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது.

யாரும் எதையும் செய்யவில்லை, தானாக நடக்கிறதா? அப்போது இறங்குவது, உறைவது, பிடிப்பது என்ற பக்கம் போக வேண்டும். சூரியன் இறங்குகிறது, தயிர் உறைகிறது, காய் பிடிக்கிறது. இந்த மூன்றாவது வகையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதனால் கீழே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தட்டுவடை செட்டில் இருக்கும் 'செட்' ஆங்கிலச் சொல்தானா?

அதேதான், சரியான பொருளில்தான் நாம் சொல்கிறோம். மொறுமொறு என்று பொரித்த சின்னத் தட்டுவடை ஒன்று. அதன் மேல் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும். துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். அதை மூடுகிற மாதிரி இன்னொரு தட்டுவடை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் செட் இல்லை. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்து, அப்படியே வாயில் போடும் ஒரு அலகாக ஆனபிறகுதான் அதற்கு அந்தப் பெயர். தட்டுவடைக்குப் பதில் முறுக்கை வைத்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுக் கலந்துவிட்டால் அதை யாரும் செட் என்று சொல்வதில்லை, அது நொறுக்கல். சாயங்காலத் தள்ளுவண்டிக்காரர் இந்த வேறுபாட்டை ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டார்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் உயிரும் இதுதான். ஒன்றுக்கொன்று பொருந்தி, சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிற தொகுப்பு. ஒன்று குறைந்தால் 'செட் உடைந்துவிட்டது' என்று சொல்லத் தோன்ற வேண்டும். சும்மா குவிந்து கிடப்பது 'ஹீப்'. இரண்டோ மூன்றோ தோசையைச் சேர்த்து ஒரு பரிமாறலாகத் தரும் செட் தோசைக்கும் இதே கணக்கு.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருக்கிறேன். வெளியூர் வியாபாரிக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது கொலுசை 'பேர்' என்பதா, 'செட்' என்பதா?

'பேர்' என்றே எழுதுங்கள். ஒரே மாதிரி இரண்டு, இரண்டும் சேர்ந்தே பயன்படும் என்றால் ஆங்கிலத்தில் சோடிதான்: 'எ பேர் ஆஃப் ஆங்க்லெட்ஸ்'. கொலுசோடு மெட்டி, அரைஞாண் எல்லாம் ஒரே வேலைப்பாட்டில் சேர்த்து ஒரு பெட்டியாகக் கொடுத்தால் அது 'செட்'. விலைப் பட்டியலில் இதைக் கவனமாக எழுத வேண்டும். ஒரு செட் என்று எழுதி ஒரு சோடியை அனுப்பினால், வாங்குகிறவர் மீதிச் சாமான் எங்கே என்று கேட்க வாய்ப்பு உண்டு.

கல் பதித்த கொலுசு என்றால் அதே சொல் வினையாக வரும்: 'செட் வித் ஸ்டோன்ஸ்'. பட்டறையில் சொல்கிற 'கல் செட்டிங்' இதிலிருந்து வந்ததுதான்.

தறி செட்டு, கார் செட்டு என்கிறோமே, அதுவும் இதுதானா?

இல்லை. அது 'ஷெட்', கொட்டகை. நம் பேச்சில் 'ஷ' தேய்ந்து 'ச' ஆகிவிடுவதால் இரண்டும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. விசைத்தறி ஓடும் கொட்டகை தறி செட்டு, வண்டி நிறுத்தும் கொட்டகை கார் செட்டு. ஆங்கிலத்தில் பேசும்போது இரண்டையும் கலந்துவிட்டால் எதிராளிக்குப் புரியாது. 'லூம் ஷெட்' என்று நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் சொல்லிப் பழகுங்கள்.

பம்ப்செட்டு இதில் தனிக் கதை. மோட்டாரும் பம்பும் சேர்ந்த இயந்திரம் என்பதால் அது உண்மையான 'செட்'. ஆனால் 'பம்ப்செட்டுல குளிச்சிட்டு வர்றேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் மனதில் இருப்பது மோட்டார் ரூம், தண்ணீர் விழும் தொட்டி, பக்கத்து வேப்பமரம் எல்லாம் சேர்ந்த இடம். தமிழில் அந்தச் சொல் இடப்பெயராகவே வளர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'பம்ப் செட்' இயந்திரத்தை மட்டும் குறிக்கும். அங்கே போய்க் குளித்ததாகச் சொல்ல வேண்டுமானால் 'அட் தி வெல்' என்று சொல்வது நல்லது.

ரேடியோ செட், டிவி செட் என்பதும் இதே வகை. பல பாகங்கள் சேர்ந்த கருவி. இப்போது ஆங்கிலத்தில் வெறுமனே 'டிவி' என்கிறார்கள். செல்போனை 'செட்டு' என்று சொல்வது 'ஹேண்ட்செட்' என்பதன் மிச்சம்.

என் பாட்டி 'செட்டா குடும்பம் நடத்தணும்' என்பார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே?

அது சுத்தத் தமிழ். செட்டு என்றால் சிக்கனம். வணிகம் என்ற பொருளும் உண்டு. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவது என்பதும் அதுதான். ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர எந்த உறவும் இல்லை. இந்தப் பொருளில் இச்சொல்லைப் புழங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் பாட்டியிடம் கேட்டதை உங்கள் பிள்ளைகள் காதிலும் போட்டுவையுங்கள்.

'இந்த வேலை எனக்கு செட் ஆகல' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

கூடாது. வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இந்த வாக்கியத்தைத்தான். 'செட் ஆகு' என்பது ஆங்கிலச் சொல்லை வைத்துத் தமிழர்கள் கட்டிய தமிழ் வினை. பொருந்து, ஒத்துப்போ, பழகு, அமை என்று நாலைந்து பொருளை அது சுமக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு.

வேலை செட் ஆகவில்லை என்றால் 'திஸ் ஜாப் டஸ்ன்ட் சூட் மி'. இரண்டு பேருக்குச் செட் ஆகவில்லை என்றால் 'தே டோன்ட் கெட் அலாங்'. சட்டை செட் ஆகவில்லை, அளவு சரியில்லை என்றால் 'இட் டஸ்ன்ட் ஃபிட்'; அளவு சரிதான், நிறம்தான் எடுப்பாக இல்லை என்றால் 'டஸ்ன்ட் சூட்'. புது ஊரில் செட் ஆகிவிட்டேன் என்றால் 'ஐ ஹாவ் செட்டில்ட் இன்'.

இதனால் 'செட் ஆகல' என்பது மட்டமான தமிழ் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலும் தெருவிலும் தாராளமாகச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் மட்டும் அது உதவிக்கு வராது.

'ஆல் செட்?' என்று யாராவது கேட்டால்?

'எல்லாம் தயாரா?' என்று அர்த்தம். 'எஸ், ஆல் செட்' என்று சொன்னால் போதும்.

'நம்ம செட்டு', 'செட்டு சேர்ந்துக்கிட்டு சுத்துறான்' என்கிறோமே?

'நம்ம செட்டு' என்று உடன் படித்தவர்களைச் சொல்வதற்கு இந்திய ஆங்கிலத்தில் 'மை பேட்ச்' பொருந்தும். பிரிட்டன் பள்ளிகளில் கணக்கு போன்ற பாடத்துக்கு மாணவர்களைத் திறமை வாரியாகப் பிரித்து, அந்தப் பிரிவை 'செட்' என்பார்கள். அங்கே போய் 'வீ ஆர் தி சேம் செட்' என்றால் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

'செட்டு சேர்ந்து' என்பது என்னைக் கவர்ந்த வழக்கு. ஒருவன் பின்னால் நாலு பேர் கூடிச் சுற்றுவதைத்தான் சொல்கிறோம். லத்தீன் மூலச்சொல்லின் பொருளும் பின்னால் போகிறவர்கள் என்பதுதான். அந்த வரலாறு எதுவும் தெரியாமலே நம் பேச்சு அந்தப் பொருளைத் தொட்டிருக்கிறது.

'செட்' என்பதற்கு இறந்தகாலம் என்ன? 'செட்டட்' என்று சொல்லலாமா?

'செட்டட்' என்று ஒரு சொல்லே கிடையாது. இன்றைக்கும் 'செட்', நேற்றும் 'செட்', 'ஹாவ்' போட்டாலும் 'செட்'. 'கட்', 'புட்', 'ஹிட்', 'ஷட்', 'லெட்' எல்லாம் இதே கூட்டம். பழைய ஆங்கிலத்தில் இதற்கு இறந்தகால விகுதி இருந்தது. கடைசி உயிரொலிகள் தேய்ந்துபோனபோது நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றாகிவிட்டன.

படிக்கும்போது காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'ஹி', 'ஷி' பின்னால் 'செட்ஸ்' வந்தால் வழக்கமாகச் செய்வது. 'ஸ்' இல்லாமல் 'ஷி செட் தி டேபிள்' என்று வந்தால் அது செய்து முடித்தது. அந்த ஒரு 'ஸ்'தான் அங்கே காலம் காட்டுகிறது, அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். ஆங்கிலச் சுற்றறிக்கையில் 'ஃப்ரூட் செட் இஸ் புவர்' என்று வந்தது. அகராதியில் பார்த்தும் விளங்கவில்லை.

காய்ப்பிடிப்பு குறைவு என்று அர்த்தம். பழத் தொகுப்பு என்று எடுத்துக்கொண்டால் முழுத் தவறாகிவிடும்.

சேர்வராயன் மலையில் 1820-களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை, விளைச்சலின் தலையெழுத்து மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையில் இருக்கிறது. பனிக்காலம் முழுக்க மொட்டு அசையாமல் உறங்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால், எட்டுப் பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடி உதிர்ந்துவிடும். மகரந்தம் சேர்ந்த சூல்கள் மட்டும் குண்டூசித் தலை அளவில் கணுவிலேயே தங்கும். அந்தத் தங்குதலைத்தான் ஆங்கிலத்தில் 'செட்' என்கிறார்கள். பூத்திருக்கும் நாளிலேயே கனமழை அடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும்; பூ எவ்வளவு அடர்த்தியாக வந்திருந்தாலும் 'செட்' மோசம் என்று எழுதுவார்கள். அரபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ரோபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் தேவை, ஆகவே அதற்குக் காற்றும் தேனீயும் ஒத்துழைக்க வேண்டும்.

மலைக்குக் கீழே மாந்தோப்புக்காரர்கள் 'பூ நல்லா வந்துச்சு, காய் பிடிக்கலை' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை ஆங்கிலத்தில் சொன்னால் 'தி ஃப்ரூட் டிட் நாட் செட்'. உங்கள் அறிக்கையில் தயங்காமல் எழுதலாம்.

கொத்தனார் 'செட் ஆயிடும், சீக்கிரம் பூசு' என்கிறார். பொறியாளர் 'செட்டிங்' வேறு, 'ஹார்டனிங்' வேறு என்கிறார். யார் சரி?

இருவருமே சரி. தண்ணீர் சேர்த்த சிமெண்டுக் கலவை கொழகொழப்பை இழந்து, இனி வடிவம் மாறாது என்ற நிலைக்கு வருவது 'செட்டிங்'. அப்புறம் நாள்கணக்கில் அது பலம் ஏறுவது 'ஹார்டனிங்'. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி ஆரம்ப உறைவு 30 நிமிடத்துக்கு முன் நடக்கக் கூடாது. இறுதி உறைவு 600 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பலத்தையோ 3, 7, 28-வது நாள்களில் சோதிப்பார்கள். கொத்தனார் அவசரப்படுவது முதலாவதைப் பற்றி, பொறியாளர் தண்ணீர் கட்டச் சொல்வது இரண்டாவதைப் பற்றி.

தயிர், ஜெல்லி, பசை, நெயில் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே வினை. 'ஹாஸ் தி கர்ட் செட்?' என்றால் தயிர் உறைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

மழைக்கு 'செட் இன்' என்கிறார்களே?

தமிழில் 'மழை பிடித்துக்கொண்டது' என்போம், அதேதான். வந்தது சட்டென்று விடாது, கொஞ்ச காலம் இங்கேயேதான் என்ற நிலை. 'வின்டர் ஹாஸ் செட் இன்', குளிர் இறங்கிவிட்டது. காய்ச்சல், புண் சீழ்பிடிப்பது, சோர்வு போன்ற விரும்பாதவற்றுக்கே இது அதிகம் வரும். நல்ல காலம் 'செட் இன்' ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு தூறல் விட்டுவிட்டு நின்றால் அதற்கும் இது பொருந்தாது.

'செட் ஆஃப்', 'செட் அவுட்', 'செட் அசைட்', 'செட் அப்', 'செட்பேக்' எல்லாம் குழப்புகின்றன.

'செட் ஆஃப்', 'செட் அவுட்' இரண்டும் கிளம்புவது. காலையில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம் என்பதற்கு எதைச் சொன்னாலும் சரி. ஆனால் 'செட் ஆஃப்' இன்னும் சில வேலை பார்க்கும். பட்டாசு கொளுத்துவதும் அது. வருமானவரியில் ஒரு வகை நட்டத்தை இன்னொரு லாபத்தில் கழிப்பதும் அது. குற்ற வழக்கில் விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனையில் கழித்துக்கொள்வதும் அதே சொல்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு அதைப் பற்றியது.

'செட் அசைட்' விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வீட்டில் சொன்னால் ஒதுக்கிவைப்பது: மாதம் ஆயிரம் ரூபாய் பிள்ளை படிப்புக்கு 'செட் அசைட்'. கோர்ட்டில் சொன்னால் ரத்து செய்வது. எதிர்த்தரப்பு வராததால் ஒருதலையாகக் கொடுத்த தீர்ப்பாணையை ரத்து செய்யச் சொல்லி மனுப்போடுவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 13-ஆம் விதிப்படி. வக்கீல் 'டிக்ரி செட் அசைட் ஆயிடுச்சு' என்றால் தீர்ப்பைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது செல்லாமல் போய்விட்டது.

'செட் அப்' என்றால் நிறுவுவது, அமைப்பது. 'ஹி செட் அப் எ சேகோ ஃபேக்டரி', ஜவ்வரிசி ஆலை தொடங்கினார். தமிழில் 'செட்டப்பு' என்றாலே ஏமாற்று வேலை என்ற வாடை வந்துவிட்டது. ஆங்கிலத்திலும் ஒருவரை மாட்டிவிடும் பொருள் உண்டு, ஆனால் நல்ல பொருளே முன்னால் நிற்கும். அலுவலகத்தில் யாராவது 'நைஸ் செட்டப்' என்றால் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

'செட்பேக்' பொதுவாகப் பின்னடைவு. வீட்டு வரைபடத்தில் வந்தால், மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையில் விதிப்படி விட வேண்டிய காலி இடம்.

வாலிபாலில் 'செட்' எத்தனை விதம்?

இரண்டு. ஆட்டத்தின் ஒரு கட்டம் ஒரு செட். 25 புள்ளி எடுத்து, இரண்டு புள்ளி முன்னிலையும் இருக்க வேண்டும், ஐந்தாவது செட் மட்டும் 15. இன்னொன்று, அடிக்கிறவருக்கு வாகாகப் பந்தை வலைக்கு மேல் தூக்கிக்கொடுப்பது. அதைச் செய்கிறவர் செட்டர். முதலாவது தொகுப்பு, இரண்டாவது வைப்பது. இரண்டு வேரும் ஒரே மைதானத்தில் ஆடுகின்றன. ஓட்டப் பந்தயத்தில் 'ஆன் யுவர் மார்க்ஸ்' சொன்னபிறகு 'செட்' என்பது 400 மீட்டர் வரையான ஓட்டங்களுக்குத்தான். அதைவிட நீளமான ஓட்டத்தில் அந்தக் கட்டளை இல்லை.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் 'செட்'?

கணம். நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு. இதில் 'நன்கு வரையறுக்கப்பட்ட' என்பதுதான் முக்கியம். ஏற்காட்டில் இருக்கும் அழகான இடங்கள் என்பது கணம் ஆகாது, அழகு ஆளுக்கு ஆள் மாறும். சேலம்–ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் என்பது கணம்; 20 வளைவுகள், எது உள்ளே எது வெளியே என்பதில் சண்டைக்கு இடமில்லை. கணக்கில் ஒரே உறுப்பை இரண்டு முறை எழுதினாலும் ஒன்றாகவே கொள்வார்கள். உறுப்பே இல்லாத வெற்றுக்கணமும் உண்டு. பேச்சு ஆங்கிலத்தில் இந்த இரண்டும் கிடையாது. ஒன்றுமே இல்லாத டம்ளர் செட்டை யாரும் விற்க முடியாது.

நெட், செட் தேர்வு?

அது தொடர்பில்லாதது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கில முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன.

சினிமா செட்டுக்கு 'இன்' போடுவதா, 'ஆன்' போடுவதா?

'ஆன் தி செட்', அல்லது வெறுமனே 'ஆன் செட்'. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில், அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் காலத்தில் போட்ட அரண்மனையும் தெருவும் எல்லாம் இந்த வகை. காட்சிக்குத் தேவையானதைக் கொண்டுவந்து பொருத்திவைத்த இடம்.

பத்திரிகையில் 'ப்ரைசஸ் ஆர் செட் டு ரைஸ்' என்று வந்தால் விலையை ஏற்றிவிட்டார்களா?

இன்னும் இல்லை, ஏறப்போகிறது. 'செட் டு' என்றால் தயார் நிலையில் இருக்கிறது, நடக்க வாய்ப்பு அதிகம். 'ஆர்' இருக்கும் இடத்தில் 'வேர்', 'வாஸ்' வந்தால் மட்டும் பழைய கதை.

ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்' இருக்கிறது, 'சன்செட்' பார்க்கிறோம். சீட், செட் இரண்டுக்கும் உறவு உண்டா?

உண்டு. 'சிட்', 'செட்', 'சீட்', 'செட்டில்' எல்லாம் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் சூரிய மறைவைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. சூரியன் தன் இருக்கைக்குப் போவது என்று அதற்கு அர்த்தம். லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் சமவெளி. வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணைகூடத் தெரியும். அங்கே பொழுது சாய்வதைப் பார்க்கிறவர்கள் வினையின் பழைய பொருளைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

உச்சரிப்பில் மட்டும் கவனம் வேண்டும். 'சீட்' நெடில், 'செட்' குறில், 'சிட்' இன்னும் மேலே ஒலிக்கும் குறில். 'ப்ளீஸ் செட்' என்று விருந்தாளியிடம் சொன்னால் எதையோ வைக்கச் சொன்னதாக ஆகும். உட்காரச் சொல்ல 'ப்ளீஸ் சிட்', அதைவிட மரியாதையாக 'ப்ளீஸ் ஹாவ் எ சீட்'.

மரவள்ளி பற்றிய ஆங்கிலக் கையேட்டில் கடைசியில் இரண்டு 'டி' போட்ட 'செட்' வருகிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. நடுவதற்காக வெட்டிய தண்டுத் துண்டை அப்படி எழுதுவது வேளாண்மை வழக்கு. மரவள்ளியில் அது விதைக்குச்சி, கரும்பில் விதைக் கரணை. மண்ணில் நட்டுவைப்பது என்ற பொருளில் வந்ததால் இதுவும் வினையின் வழிவந்த சொல்தான். மரவள்ளிக்கு எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி வெட்டச் சொல்லியிருப்பார்கள். கையேட்டில் ஏக்கருக்கு இத்தனை 'செட்ஸ்' என்று பார்த்தால் அது குச்சிகளின் எண்ணிக்கை. கட்டுகளின் எண்ணிக்கை என்று நினைத்து ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம்.